செக்கடியும் தேடுபொறியும்

குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு எழுத்து, ஏழு பிரிவாகச் சுரங்கள். கோயிலைச் சுற்றி இன்னும் ஏராளமான கல்வெட்டுகள். இவ்வளவு கல்லுக்கு நடுவே ஒரு சொல்லைத் தேடும் ஆய்வாளர், புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் புரட்டுவார். எந்தக் கல்வெட்டில் அந்தச் சொல் வருகிறது என்று அது காட்டிவிடும். கூகுளின் அஸ்திவாரமும் இதுதான். நாம் தட்டியதும் அது உலகத்தை அலசுவதில்லை. முன்பே தயாரித்து வைத்த சொல்லடைவைப் பார்க்கிறது.

இந்த ஊரில் ஒருவர் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் வலைப்பக்கத்தில் 'இயற்கை அன்னையின் பொன்துளி' என்று எழுதுகிறார். அழகுதான். ஆனால் எண்ணெய் தீர்ந்துபோன வீட்டில் யாரும் பொன்துளியைத் தேடுவதில்லை. 'மரச்செக்கு கடலை எண்ணெய் லிட்டர் என்ன விலை' என்றுதான் தட்டுவார்கள். இன்றைய தேடுபொறி அர்த்தத்தையும் ஓரளவு ஊகிக்கும். பொன்துளியிலிருந்து கடலை எண்ணெய்க்கு வந்து சேர்வது அதற்கும் கஷ்டம்.

காசு கொடுத்து மேலே ஏறலாம் என்றால், அங்கே நடப்பது ஏலம். ஒவ்வொரு தேடலுக்கும் கண்மூடித் திறப்பதற்குள் அது நடந்து முடிகிறது. எதிரே கை தூக்கி நிற்பது பெரிய கம்பெனிகள். பணம் தீர்ந்த அன்றே விளம்பரமும் மறையும்.

இதே மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் கதை வேறு. 2018இல் ஒரு தாத்தாவும் பேரன்களும் வெட்டவெளியில் அடுப்பு மூட்டி யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஆரம்பித்தார்கள். தாத்தா பெரியதம்பி விசேஷங்களுக்குச் சமைத்தவர். 2021இல் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணைத் தொட்ட முதல் சேனல் அது. நீண்ட விளக்கமெல்லாம் கிடையாது. பொருளின் பெயரை உரக்கச் சொல்லி அண்டாவில் போடுவார்கள். தமிழ் தெரியாதவரும் கடைசிவரை பார்க்கலாம்.

அந்தக் 'கடைசிவரை'யில்தான் சூட்சுமம். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் 2012 முதல் அதிக மதிப்புக் கொடுக்கிறது. அதன் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இரண்டு சல்லடைகள் வருகின்றன. முதலாவது பல லட்சம் வீடியோக்களிலிருந்து சில நூறைப் பிரிக்கும். இரண்டாவது, இவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று கணித்து அவற்றை வரிசைப்படுத்தும்.

ஆனால் ஒரு சின்ன வீரமங்கலத்தைக் காட்டி எல்லோருக்கும் ஆசை மூட்டுவது நியாயமில்லை. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை எழுதினார்கள். கலந்துகொண்டவர்கள் 14,341 பேர். அதிகம் அறியப்படாத பாட்டுகள் 48. சிலர் தாமாகவே தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களை 8 கூட்டமாகப் பிரித்து, தத்தம் கூட்டத்தில் எது எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்று காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் கொடிகட்டிப் பறந்த பாட்டு இன்னொன்றில் தேறவில்லை. மிக நல்லது அடியோடு தோற்பதும், மிக மோசமானது ஜெயிப்பதும் அபூர்வம். இடையில் கிடப்பதற்கு எதுவும் நடக்கலாம். ஆரம்பத்தில் சேர்ந்த சிலர் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ, பின்னால் வந்தவர்களும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள்.

நம் செக்குக்காரருக்கு அந்தச் சிலர் இணையத்தில் இல்லை. தூக்குவாளியோடு ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்கள். எண்ணெய் பிடித்திருந்தால் கூகுள் மேப்பில் இரண்டு வரி எழுதச் சொல்லலாம். அக்கம்பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்தும்போது பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. அந்த வரிசையில் காசுக்கு இடம் கிடையாது.

செக்கு சுற்றுவதையும் படம் பிடித்துப் போடட்டும். 1000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை சேர்ந்துவிட்டால், விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டு யூடியூபில் விண்ணப்பிக்கலாம். பிறகு ஒருநாள் அவர் வீடியோவுக்கு முன்னால் ஏதோ ஒரு ரீஃபைண்ட் ஆயில் விளம்பரம் ஓடலாம். அந்தக் கம்பெனி கொடுத்த காசில் ஒரு பங்கு செக்கடிக்கு வரும்.