சோதனைக் குழாயில் நிறம் மாறினால் நோய் தீருமா?

கண்ணு மஞ்சளாயிட்டுன்னா நம்ம தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். "ஆய்வுக்கூடத்திலேயே சோதிச்சாச்சு" என்று சொல்லி மூலிகைப் பொடி விற்பவர்களும் உண்டு. அது என்ன சோதனை?

சோதனை நடக்கும் விதம்

உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிப்பதைப் பார்க்கிறோம். அதுபோல உடலின் செல்களும் ஆக்சிஜனேற்றத்தால் பழுதாகின்றன. அதைத் தடுக்கும் பொருள்கள் பல செடிகளில் உண்டு. இலையை உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். டி.பி.பி.எச். என்னும் ஊதாக் கரைசலில் அதைச் சேர்த்து, இருட்டில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். தடுக்கும் சக்தி இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். வெளுத்த அளவைக் கருவியால் அளந்து வைட்டமின் 'சி'யோடு ஒப்பிடுகிறார்கள்.

இதனால் தெரிவது என்ன?

குழாயில் நடந்தது மட்டும்தான். எலுமிச்சைச் சாறும் தேயிலை நீரும்கூட அந்த ஊதாவை வெளுக்கும். குடித்த சாறு செரித்தபின் ரத்தத்தில் எவ்வளவு சேரும், ஈரலில் என்ன செய்யும் என்பதைக் குழாய் சொல்லாது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தால்தான் தெரியும்.

கீழாநெல்லிக்கு அதுவும் நடந்தது. 1988-ல் சென்னை விஞ்ஞானி தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் 'பி' கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

2. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் 'பி' தடுப்பூசி போடுங்கள். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளையும் விடாதீர்கள்.

3. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கீரை சோற்றோடு! சிகிச்சை ஆஸ்பத்திரியில்!