பச்சை என்பது நிறம் மட்டும்தானா?



ஒரு விடுகதை போலத் தொடங்குவோம். பொங்கலுக்குப் பானையில் கட்டுகிறோமே பச்சை மஞ்சள், அது என்ன நிறம்? இலையை விட்டுவிட்டுக் கிழங்கைப் பாருங்கள். மஞ்சள்தான். சர்க்கரைப் பொங்கலில் துளியூண்டு போடும் பச்சைக் கற்பூரம்? வெள்ளை. மாட்டு மடியிலிருந்து கறந்த பச்சைப் பால்? அதுவும் வெள்ளை. சூளைக்குப் போகாத பச்சைக்கல்? மண் நிறம். அரிவாள்மணை வெட்டிய பச்சைப் புண்? சிவப்பு.

இதில் ஒன்றுகூடப் பச்சையாக இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் "பச்சை" என்றுதான் சொல்கிறோம். தினமும் நூறு தடவை நம் வாயில் வரும் இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள், அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று இந்த மாதம் பார்ப்போம். இதில் நம் குழுக்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அடுப்பு ஏறாதது எல்லாம் பச்சை

பயிர் முளைத்து வரும்போது என்ன நிறம்? பச்சை. காய் பழுப்பதற்கு முன் என்ன நிறம்? பெரும்பாலும் பச்சை. அதனால் பச்சை என்றால் இன்னும் முற்றாதது, பழுக்காதது, ஈரம் உலராதது என்றும் பொருள். அதோடு வேகாதது, சுடாதது, காய்ச்சாதது என்ற பொருளும் உண்டு. பசுமை, பசும்புல், பைங்கிளி எல்லாம் ஒரே வேரில் பிறந்த சொற்கள்தான்.

நம் அண்டை மொழிகளிலும் இப்படித்தான். மதுரையில் வீட்டில் தெலுங்கு பேசும் உறுப்பினர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் 'பச்சி' என்றால் வேகாதது. 'பச்ச' என்றால் பச்சை நிறத்தையும் சொல்வீர்கள், மஞ்சள் நிறத்தையும் சொல்வீர்கள். கன்னடத்தில் 'ஹசிரு' என்பது பச்சை நிறம், 'ஹசி' என்பது வேகாதது. அக்கா தங்கச்சி மாதிரி எல்லா மொழியும் ஒரே சாயல்!

சமையல்கட்டில் இந்தப் பொருள் இல்லாமல் நம்மால் பேசவே முடியாது. "மசாலா பச்சை வாசனை போக வதக்கு" என்கிறோம். மூக்குக்கே பச்சை தெரிகிறது பாருங்கள். நெல்லை அப்படியே காயவைத்து அரைத்தால் பச்சரிசி. ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைத்தால் புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கும் 'பி' வகை வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் தீட்டிய பிறகும் புழுங்கலரிசியில் அந்தச் சத்து கூடுதலாக மிஞ்சும். "புழுங்கலரிசி மட்டம்" என்று இனி யாரும் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இதற்கு மாறாகவும் ஒன்று இருக்கிறது. சந்தையில் விற்கும் பச்சைப்பழத்தின் தோல் பச்சையாக இருக்கும். உரித்தால் உள்ளே நன்றாகப் பழுத்திருக்கும். அங்கே பச்சை என்பது வெறும் நிறம்தான்.

நிறமாக வரும் பச்சை

நிறம் என்று எடுத்துக்கொண்டாலும் மதுரைக்காரர்களுக்குப் பச்சை தனி. மீனாட்சி அம்மன் பச்சை மேனி உடையவள். மரகதவல்லி என்றும் அவளுக்குப் பெயர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு என்றுதான் ஊரே கேட்கும். பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த வருடம் மழை பெய்து வெள்ளாமை செழிக்கும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்குப் பச்சை என்றால் சோறு. "பயிர் பச்சை" என்று சேர்த்தே சொல்வது அதனால்தான்.

அரசாங்கக் காரியங்களிலும் பச்சை உண்டு. முன்பு அரிசி வாங்கும் குடும்பத்துக்குப் பச்சை ரேஷன் அட்டை, அரிசி வேண்டாம் என்று சர்க்கரை வாங்குகிறவர்களுக்கு வெள்ளை அட்டை என்று இருந்தது. 2017-இல் ஸ்மார்ட் அட்டை வந்த பிறகு அந்த நிறக் கணக்குப் போய்விட்டது. அட்டையில் அச்சாகியிருக்கும் எழுத்துக் குறியீட்டைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

மசாலாப் பொடி, வடகம், ஊறுகாய் போட்டு விற்கும் உறுப்பினர்களுக்கு இன்னொரு பச்சை தெரிந்திருக்கும். பாக்கெட்டில் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவ உணவு.

பேச்சில் வரும் பச்சை

"பச்சைப் பொய்" என்றால் என்ன? கொஞ்சம்கூட மூடி மறைக்காத முழுப் பொய். "பச்சைத் துரோகம்" என்பதும் அப்படித்தான். "பச்சை பச்சையாகத் திட்டினான்" என்றால் நாக்கூசாமல் கெட்ட வார்த்தை பேசினான் என்று பொருள். "பச்சையாகவே சொல்கிறேன்" என்றால் பூசி மெழுகாமல் சொல்கிறேன் என்று பொருள். பக்குவப்படுத்தாமல் அப்படியே வந்து விழும் பேச்சு என்பதால் அங்கேயும் பச்சை. காலையிலிருந்து "பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லை" என்று சொல்லும்போது நம் பசியையும் இதே சொல்தான் சொல்கிறது.

பச்சை மண்

காளவாசல் என்று மதுரையில் ஒரு இடம் இருக்கிறது. காளவாசல் என்றாலே சூளை என்று பொருள். கல் அறுக்கும் வேலைக்குப் போகிற நம் உறுப்பினர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பச்சைக்கல்லை அடுக்கி வைத்திருக்கும்போது மழை வந்தால் அவ்வளவுதான், பட்ட பாடெல்லாம் சேறாகிவிடும். அதே கல் சூளையில் வெந்து வந்துவிட்டால் எத்தனை மழைக்கும் அசையாது. மானாமதுரைப் பானையும் அப்படித்தான். சுடாத பானையில் தண்ணீர் ஊற்ற முடியுமா?

அதனால்தான் சின்னப் பிள்ளைகளை "அது பச்ச மண்ணுத்தா, அதைப் போய் அடிக்கிறியே" என்கிறோம். பிறந்து 28 நாள் வரை பச்சிளங்குழந்தை. அரசு மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சேனை வைக்கிறோம், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் கொடுக்கிறோம் என்று எதையும் வாயில் விடக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

பச்சை உடம்பு

இப்போது நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். பிள்ளை பெற்றவளை நாம் என்ன சொல்கிறோம்? "பச்ச ஒடம்புக்காரி". எவ்வளவு அருமையான சொல்! பிள்ளையைப் போலவே அவளும் அன்றுதான் புதிதாகப் பிறந்திருக்கிறாள், பச்சைப் புண் மாதிரி இருக்கிறாள், பக்குவமாகப் பார்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் இரண்டே சொல்லில் சொல்லி வைத்திருக்கிறார்கள். கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்திருந்தால் மேலே தையல் ஆறினாலும் உள்ளே ஆற இன்னும் நாளாகும்.

சொல் இருக்கிறது. செயல் இருக்கிறதா?

"பச்ச ஒடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்" என்று தாகத்தோடு போட்டுவிடுகிற வீடுகள் இன்றும் உண்டு. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும். காய்ச்சி ஆறவைத்துத் தாராளமாகக் கொடுங்கள். கீரை, பழம், முட்டை எதையும் விலக்க வேண்டியதில்லை. பூண்டும் பிள்ளைச்சுறாவும் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று சாப்பிட வேண்டும். மாத்திரை போட்டவுடன் டீ, காபி குடிக்கக் கூடாது. சத்து உடம்பில் சேராது. துணி நனைந்து வழியும் அளவுக்கு உதிரப்போக்கு, காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, கடுமையான தலைவலி, வலிப்பு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? நம்மையும் பார்ப்போம். நம் குழு ஒன்றில் பிள்ளை பெற்ற பதினெட்டாம் நாள் ஒரு உறுப்பினர் கூட்டத்துக்கு வந்துவிட்டார். சுவரில் சாய்ந்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "ஏன்த்தா இப்படி வந்த?" என்று கேட்டதற்கு, "வரலைன்னா பத்து ரூபா அபராதம், அடுத்த கடனும் தள்ளிப் போகும்லக்கா" என்றார். கூடியிருந்த எல்லாருக்கும் தலை குனிந்துவிட்டது. ஏனென்றால் அந்த விதியை எழுதியது நாம்தான். பிள்ளை பெற்றவர்கள்தான் எழுதினோம். எழுதும்போது பச்சை உடம்பு நம் நினைவுக்கு வரவில்லை.

அந்தக் குழு அன்றைக்கே தீர்மானம் போட்டது. அதை எல்லாக் குழுக்களும் எடுத்துப் பார்க்கலாம்:

1. பிரசவித்த உறுப்பினருக்கு மூன்று மாதம் கூட்ட வருகையில் விலக்கு. அபராதம் கிடையாது. கடன் வரிசையிலும் பின்னால் தள்ளக் கூடாது.

2. சேமிப்பை ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போய் வாங்கி, பாஸ் புத்தகத்தில் அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. கடன் தவணையில் அந்த மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும். அசலைப் பிறகு கட்டலாம்.

4. போகிறவர் சும்மா போகாமல், மாத்திரை சாப்பிடுகிறாளா, தண்ணீர் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

5. குழுவில் யார் கர்ப்பமானாலும் உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்தப் பதிவுதான் முதல் படி.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கூட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம், வாரம் ஒரு நடை, அவ்வளவுதான்.

பச்சைக்கல்லை மழையில் விடமாட்டோம். பச்சைப் பானையில் தண்ணீர் ஊற்றமாட்டோம். பச்சை உடம்புக்காரியை மட்டும் ஏன் வெயிலில் நடக்க விடுகிறோம்? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள் என்று நமக்கும் எழுதுங்கள்.