தனியே பளு தூக்குவோர்க்கு ஒரு சுமைதாங்கி

தென்னாட்டின் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் ஆங்காங்கே இன்றும் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் வேறொரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பர். உயரம் ஏறத்தாழ ஓர் ஆளின் தோளளவு இருக்கும். தலைச்சுமையோடு வருபவன் குனியாமலே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். பிறகு எவரையும் கைகொடுக்க அழைக்காமல் தானே அதனைத் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டும் வழக்கம் உண்டென்பதை நேயர்கள் அறிவர். துணையின்றிச் சுமப்பவனுக்கென்றே நம் முன்னோர் செய்துவைத்த கருவி இது. வீட்டில் தனியே பளு தூக்கிப் பழகுவோர்க்கு வேண்டிய சாமான்களைப் பற்றிப் பேசப் புகுந்த நாம் இந்தக் கல்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

பளுவின்மீது பற்று நம் பகுதிக்குப் புதிதன்று. இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும் பழகிய நாடு இது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பிறந்த கர்ணம் மல்லேசுவரி 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் 110, 130 என மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. சித்தூருக்குத் தெற்கே அண்மையிலுள்ள வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ நகரிலும், 2018இல் கோல்டு கோஸ்ட் நகரிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்றார். இத்தகையோரைக் கண்டு ஊக்கங்கொள்ளும் இளைஞர் பலர் சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கின்றனர். ஆனால் அவ்வீரர்களுக்கு ஆசிரியர் உண்டு. பலகை பரப்பிய மேடை உண்டு. திருப்பதியில் வாடகை அறையில் தங்கிக் கல்லூரியில் பயிலும் மாணவனுக்கோ, சித்தூரில் அலுவல் முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் குமாஸ்தாவுக்கோ உள்ளவை மொட்டைமாடியின் ஒரு மூலையும் சிறிதளவு பணமுமே.

இதிலுள்ள அபாயத்தை மறைத்துப் பேசுதல் தகாது. 2025 பிப்ரவரியில் இராஜஸ்தானத்தின் பீகானேர் நகரில் 17 வயதுள்ள ஒரு வீராங்கனை, 270 கிலோ எடையுள்ள தண்டு கழுத்தின்மேல் விழ, உயிரிழந்தார். பயிற்சியாளர் அருகில் இருந்தபோதே அது நிகழ்ந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு 1990 முதல் 2007 வரை பளுப்பயிற்சிக் காயங்களோடு வந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பளு ஆளின்மேல் விழுந்ததால் நேர்ந்தவை எனக் கண்டது. தசை பிசகியோ முதுகு பிடித்தோ வந்தவரைக் காட்டிலும் இரும்பு விழுந்து வந்தவரே மிகுதி. ஆகவே, சாமான் வாங்கச் செல்பவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எத்தனை கிலோ வாங்கலாம் என்பதன்று. கை ஓய்ந்துபோகும் கணத்தில் இந்தப் பளு எங்கே போய் இறங்கும் என்பதே அது.

இக்கேள்வியைக் கொண்டு பார்த்தால் பயிற்சிகள் இரு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. தரையிலிருந்து தண்டை இடுப்பளவுக்கு உயர்த்தும் டெட்லிப்டில், முடியாதபோது தண்டு தானே தரைக்குத் திரும்பும்; ஆள் அதன் வழியில் இல்லை. நின்றபடி தோளிலிருந்து தலைக்குமேல் உயர்த்தும்போதும், கை தளர்ந்தால் மார்புக்கு இறக்கி, அங்கிருந்து தொடைக்கும் தரைக்கும் கொண்டுவரலாம். ஆனால் பெஞ்சின்மேல் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து உயர்த்தும் பெஞ்சு பிரஸிலும், தோளின் பின்புறம் தண்டை ஏந்தி உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டிலும், பளுவுக்கும் தரைக்கும் இடையே ஆள் இருக்கிறான். இவ்விரண்டுமே இளைஞர் முதன்முதலில் விரும்பும் பயிற்சிகள் என்பது சங்கடமான விஷயந்தான்.

குறைந்த செலவில் தொடங்குவோர்க்கு நாம் கூறக்கூடியது, வட்டுகளைக் கழற்றி மாட்டத்தக்க ஒரு ஜோடி டம்பெல்களே முதல் வாங்குதலாக இருக்கட்டும் என்பதாகும். பெஞ்சும் வேண்டாம். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, இரு கைகளிலும் டம்பெல் ஏந்தி உயர்த்தினால், இறக்கும்போது முழங்கைகள் தரையைத் தொட்டு நின்றுவிடும். கை ஓய்ந்தால் பளு இருபுறமும் வெளியே சாயும். நெஞ்சுக்குக் குறுக்கே தண்டு ஏதும் இல்லை. டம்பெல் ஒன்றை இரு கைகளாலும் மார்போடு அணைத்து உட்கார்ந்தெழுவதும் அத்தகையதே: முடியாவிட்டால் முன்னே இறக்கிவிடலாம். கால்களுக்கு இதற்கு மேலும் வேலை வேண்டுமென்போர்க்குத் திருப்பதியில் பஞ்சமில்லை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் காத்திருக்கின்றன.

தரையில் படுத்துச் செய்யும் இதே பயிற்சியை நீண்ட தண்டோடு செய்யலாமே என்று சிலர் எண்ணுவர். போட்டிகளில் பயன்படும் பெரிய வட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆதலால் தண்டு தரையிலிருந்து 22 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். வீட்டுக்கென விற்கும் சிறு வட்டுகளில் அது 10, 12 சென்டிமீட்டர் வரை இறங்கி வரும். படுத்திருப்பவனின் கழுத்துக்கு அந்த இடைவெளி போதாது. மலிவான சாமானிலுள்ள இந்த அபாயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார், அவருக்கே தெரிந்திராது.

இனித் தண்டைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம். கடையில் இதற்கு ராடு என்றே பெயர். பளபளப்பான பூச்சுக்குள்ளே கெட்டி இரும்பும் இருக்கலாம், வெறுங்குழாயும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; தராசு பொய் சொல்லாது. 25 மில்லிமீட்டர் விட்டமும் ஐந்தடி நீளமும் உள்ள கெட்டி இரும்புத் தண்டு ஏறத்தாழ 6 கிலோ நிற்கும். விட்டம் 28 மில்லிமீட்டராயின் 7 கிலோவுக்குச் சற்று மேல். நிறுத்துப் பார்க்கையில் மூன்று கிலோ என்றால் அது குழாய். பளு ஏற ஏற வளையும், ஒரு நாள் மடங்கும். எடைபோட மறுக்கும் கடையை விட்டு வேறு கடைக்குச் செல்வதே உசிதம். தண்டைத் தரையில் உருட்டிப் பார்த்தல் வேண்டும். நேரான தண்டு தடுமாறாமல் உருளும். கைபிடிக்கும் இடத்தில் சொரசொரப்பான வரிகள் இருக்க வேண்டும். வழவழப்பான தண்டு சித்திரை வெயிலில் வியர்த்த கையில் நில்லாது. வழுக்காமலிருக்க விளையாட்டு வீரர் கையில் பூசும் வெள்ளைத் தூள் மக்னீசியம் கார்பனேட். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பன்று. சுண்ணாம்பு தோலை வெந்துபோகச் செய்யும்.

தண்டில் சிக்கனம் கூடாது. வட்டில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். வார்ப்பிரும்பு வட்டு பழையதாயினும் பளு குறைந்துவிடுவதில்லை. துருவைச் சுரண்டி வர்ணம் பூசினால் போதும். பழைய இரும்புக் கடைகளில் தேடுவது வீண் உழைப்பன்று. ஆனால் வெடிப்பு உண்டா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் நிறுத்து, உண்மையான எடையை அதன்மேல் எழுதிவைக்க வேண்டும். ஐந்து கிலோ என்று பொறித்த இரண்டு வட்டுகள் அரைக் கிலோ வேறுபட்டால் தண்டு ஒரு பக்கம் சாயும். தலைக்குமேல் போனபின் அதை அறிந்து பயனில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டு நிரப்பிய வட்டுகள் விலை மலிவு. சிமெண்டு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியே உடையதாகையால் அவை பருத்திருக்கும். தண்டில் சிலவே அடங்கும். கீழே விழுந்தால் வாய் பிளக்கும். தொடக்கத்திற்குக் குற்றமில்லை. வட்டின் துளையும் தண்டின் பருமனும் பொருந்துகின்றனவா என்பதையும் காண வேண்டும். ஒலிம்பிக் வகை வட்டின் துளை 50 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதனை ஒல்லித் தண்டில் மாட்டினால் வளையல்போல ஆடும். மணல் மூட்டையும் நல்ல சாமானே: இரட்டைச் சாக்கில் காய்ந்த மணலை இறுகக் கட்டினால் செலவு அற்பம், விழுந்தாலும் தரை உடையாது. வாளியில் தண்ணீர் நிரப்பித் தலைக்குமேல் தூக்குவது மட்டும் வேண்டாம்; தண்ணீர் அலைபாய்ந்தால் கையும் அலைபாயும்.

வட்டு நழுவாமல் தடுக்கும் பூட்டு மிகச் சிறிய பொருள்; மிகுதியாக அலட்சியம் செய்யப்படுவதும் அதுவே. டம்பெல்லின் திருகுப் பூட்டு ஒவ்வொரு முறை ஆட்டத்திலும் சிறிது தளரும். ஆகவே ஒவ்வொரு முறை எடுக்குமுன்னும் திருகிப் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேரே பிடித்த டம்பெல்லிலிருந்து வட்டு கழன்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டபின், எமக்குப் பெஞ்சும் நீண்ட தண்டுமே வேண்டும் என்போர் இருப்பர். அவர்கள் வட்டு வாங்குமுன் சுமைதாங்கியை வாங்கட்டும். தண்டை வைத்து எடுக்கும் இரண்டு கவைகள் மாத்திரம் உள்ள நிலைக்கால் போதாது. அது தொடங்குமுன் தண்டைத் தாங்குமேயன்றி, நடுவில் கை ஓய்ந்தவனைத் தாங்காது. கவைக்குக் கீழே, முன்னோக்கி நீண்ட இரண்டு வலுவான கைகள் இருத்தல் வேண்டும். அவற்றின் உயரமே உயிர்நாடி. பெஞ்சில் படுத்து மூச்சை நிறைத்து நெஞ்சை உயர்த்தும்போது தண்டு நெஞ்சைத் தொட வேண்டும். மூச்சை விட்டு நெஞ்சைத் தாழ்த்தியதும் தண்டு அந்தக் கைகளின்மேல் அமர்ந்து, கழுத்துக்கும் முகத்துக்கும் மேலே நிற்க வேண்டும். வெறுந்தண்டைக் கொண்டு இதனைப் பலமுறை சோதித்தறிந்த பின்னரே வட்டை மாட்டலாம். ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வோரும் உண்டு. அடிப்பாகம் அகலமாயும், இரண்டு கால்களும் குறுக்குச் சட்டத்தால் இணைக்கப்பட்டும் இருத்தல் அவசியம். பெஞ்சு தாங்க வேண்டியது பளுவை மட்டுமன்று, ஆளையும் சேர்த்து: 70 கிலோ மனிதன் 60 கிலோ தூக்கினால் 130 கிலோ.

இத்தகைய நிலைக்கால் இல்லாமலே பெஞ்சில் நீண்ட தண்டைத் தூக்குபவன் பூட்டு மாட்டலாகாது. எல்லாவற்றையும் இறுகப் பூட்டுக என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. தண்டு நெஞ்சில் அமர்ந்துவிட்டால் ஒரு பக்கம் சாய்த்து வட்டுகளை நழுவவிட்டுத் தப்பலாம். நழுவியதும் மறுபக்கம் வேகமாய்க் கவிழும் என்பதால் இதனைக் கடைசி வழியாகக் கொள்ள வேண்டுமேயன்றிப் பழக்கமாகக் கொள்ளலாகாது. கட்டைவிரலைத் தண்டைச் சுற்றிப் பிடிப்பதும் விடக்கூடாத நியமம். விரலைச் சேர்த்து மேலே வைத்தால் தண்டு உள்ளங்கையிலிருந்து நேரே நெஞ்சுக்கு உருளும்.

தனியே பழகுபவன் கடைசி மூச்சுவரை போராட வேண்டியதில்லை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடலாம். பலம் அதனால் வளராமல் போய்விடாது. மொட்டைமாடியில் பழகுவோர் விடியற்காலையில் முடித்துக்கொள்வது நலம். இவ்வூர்களில் கோடையின் பகல் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் கிடந்த இரும்பைக் கையால் தொட முடியாது. ரப்பர்ச் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அறைக்குள் பழகுவோர் கதவைத் தாழிடாமல், வீட்டிலோ பக்கத்து அறையிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். பயிற்சி முடிந்தபின் வட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் தரையில் படுக்கவைக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அவை கட்டிலுக்கடியில் போவதே நல்லது.