குமிழிகளுக்கிடையே ஓடும் திரவம்

உயரமான உருளைக் கலம் ஒன்றில் திரவத்தை நிரப்பி, அடியிலுள்ள துளைத் தட்டின் வழியே வாயுவைச் செலுத்தினால், குமிழிகள் திரள் திரளாக மேலெழும். இதனைக் குமிழிக் கலம் என்போம். இதனுள் சுழலும் விசிறி ஏதுமில்லை. கலக்கும் வேலையைக் குமிழிகளே செய்கின்றன.

இக்கலத்தில் திரவம் புதிதாக வருவதுமில்லை, வெளியே செல்வதுமில்லை என்று கொள்வோம். எந்த மட்டத்திலும் ஏறுகின்ற திரவமும் இறங்குகின்ற திரவமும் சமம்; ஆகவே சராசரி ஓட்டம் பூச்சியம். இந்தப் பூச்சியத்தை நம்பினால் ஏமாந்து போவோம்! நடுவில் குமிழிகள் மிகுந்திருப்பதால் அங்கே கலவை இலேசாகி மேலே விரைகிறது. பின்னர்ச் சுவரோரமாக இறங்குகிறது.

1993-இல் தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்க் நகரில், நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவைத் திரவ எரிபொருளாக்க, 5 மீட்டர் குறுக்களவுள்ள இத்தகைய கலம் இயங்கத் தொடங்கியது. அவ்வினையில் பெருவெப்பம் வெளிப்படும். ஓட்டம் அவ்வெப்பத்தைப் பரப்பத் தவறிய இடத்தில் கலவை அளவுக்கு மீறிச் சூடேறும். சோதனைச்சாலைக் கண்ணாடிக் கலத்தில் கண்டதை அப்படியே பெரிதாக்கிவிட முடியாது. கலம் அகன்றால் உட்சுழற்சியும் வலுக்கிறது. எனவே ஒவ்வோரிடத்திலும் ஓட்டத்தை அளத்தல் அவசியமாகிறது.

எங்ஙனம் அளப்பது? மேல்நோக்கி ஒரு துளையும் கீழ்நோக்கி ஒரு துளையும் உள்ள குழாயைச் செருகி, இரண்டின் அழுத்த வேறுபாட்டைக் காண்பது ஒரு முறை. 1974-இல் ஹில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இவ்வாறே அளந்தார். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய தகடு எவ்வளவு விரைவில் குளிர்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. இதிலே ஒரு சங்கடம்: குமிழி வந்து மோதினால் குளிர்ச்சி சட்டென்று குறைந்துவிடும், அந்தக் கணங்களைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். லேசர் ஒளி ஓட்டத்தைத் தீண்டாமலே அளக்கும். ஆயினும் குமிழிகள் நெருங்கினால், பால்போல் வெளுத்த அக்கலவையில் அது சிதறிப்போகும்.

எனக்கு மிகவும் நயமாகத் தோன்றுவது, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் துடுகோவிச் குழுவினர் கையாண்ட முறையாகும். திரவத்தின் அடர்த்தியே உடைய சிறு பந்தினுள் ஸ்காண்டியம்-46 என்னும் கதிரியக்கப் பொருளை வைத்து மிதக்கவிடுகிறார்கள். அதன் காமாக் கதிர்கள் குமிழிகளையும் சுவரையும் ஊடுருவி வெளிவரும். சுற்றியுள்ள கருவிகளில் எவை மிகுதியாக எண்ணுகின்றன என்பதிலிருந்து பந்தின் இருப்பிடம் கிடைக்கிறது; அடுத்தடுத்த இடங்களிலிருந்து வேகம் கிடைக்கிறது. இதன் அரைவாழ்வு ஏறக்குறைய 84 நாட்கள். ஆதலால் பந்து கலத்தின் எல்லா மூலைகளையும் பலமுறை சுற்றிவரும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாம். ஆனால் பந்தினும் சிறிய சுழிகளை அது பின்தொடராது. அவற்றை நாடுவோர் சூடேற்றிய தகட்டுக்கே திரும்ப வேண்டும்.