சொட்டுது சார்... சொட்டுது!

பழைய மாருதி 800 வைத்திருக்கும் ஆசாமியைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். வண்டியைக் கிளப்பி நாலடி நகர்த்தியதும் பிரேக் போடுவார். கதவைத் திறந்து, வண்டி நின்றிருந்த இடத்தை எட்டிப் பார்ப்பார். தரையில் எட்டணா அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரியும். "ஏ.ஸி. தண்ணியா இருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். அவர் வண்டியில் ஏ.ஸி.யே கிடையாது என்பது வேறு விஷயம்!

தர்மபுரி மாவட்டத்தில் இப்படி எட்டிப் பார்க்கிறவர்கள் நிறைய. காரணம் உண்டு. ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை. பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ வீடு. சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி திரும்ப ஒரு வண்டி வேண்டும். புதுக் கார் வாங்க லோன் போட்டால், தவணை முடிவதற்குள் நமக்கே எஃப்.ஸி. காட்ட வேண்டிய வயசு வந்துவிடும். அதனால் மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ ஒரு மாருதி.

1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த மாருதி 800-ன் தயாரிப்பு, 2014 ஜனவரியோடு நின்றுபோனது. ஆக, இன்றைக்கு ஓடுகிற எந்த 800க்கும் பத்து வயசுக்கு மேல்தான். சில வண்டிகளுக்கு ஓட்டுகிறவரை விட வயசு ஜாஸ்தி! இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும். ஆனால், வயசானால் மனுஷனுக்கு வருகிற இரண்டு தொந்தரவு அதற்கும் வரும். ஒன்று, மூட்டு வலி. இன்னொன்று, ஒழுகல். மூட்டு என்பது டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். ஒழுகுவது, கியர்பாக்ஸ் ஆயில் சீல்.

உள்ளே என்னதான் இருக்கு?

மாருதியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கின்றன. கியர்பாக்ஸிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு இரும்புத் தண்டுகள் கிளம்பி, முன் சக்கரங்களுக்குப் போகின்றன. புத்தகத்தில் இதற்கு டிரைவ் ஷாஃப்ட் என்று பேர். பட்டறையில் 'ஆக்ஸில்' என்று சொன்னால்தான் புரியும்.

சக்கரம் ஒரு நிலையில் சும்மா இருக்குமா? பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், ஸ்டியரிங் ஒடித்த பக்கம் திரும்பும். இத்தனைக்கும் ஈடுகொடுத்துக்கொண்டே தண்டு ஒரே சீராகச் சுற்ற வேண்டும். அதற்காகத் தண்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மூட்டு. சக்கரத்துப் பக்கம் இருக்கும் மூட்டுக்குள்ளே எஃகு குண்டுகள். ஃபோர்டு கம்பெனி இன்ஜினியர் ஆல்ஃப்ரட் ர்ஸெப்பா என்பவர் 1920களில் யோசித்த ஐடியா இது. 1959ல் இங்கிலாந்தில் வந்த மினி கார், இந்த ஜாதி மூட்டைப் போட்டுத்தான் முன் சக்கரத்தை ஓட்டியது. அப்புறம் சின்னக் கார்கள் பெரும்பாலும் அதே வழியில் போய்விட்டன.

இந்தக் குண்டுகளுக்குக் கறுப்பு கிரீஸ்தான் சாப்பாடு. சாப்பாடு சிந்தாமலும் அதில் மண் விழாமலும் மூடி வைக்க, கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதன் பேர் 'பூட்'.

தண்டு கியர்பாக்ஸுக்குள் நுழைகிற வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் ஆயில் சீல். வளையல் மாதிரி ஒரு வளையம். உள் விளிம்பில் மெல்லிசாக ரப்பர் உதடு. அந்த உதடு தண்டை விட்டு விலகாமல் அணைத்துப் பிடிக்க, முதுகில் ஒரு பொடி ஸ்பிரிங். தண்டு சுற்றலாம், ஆயில் மட்டும் வெளியே வரக் கூடாது. அதுதான் அதன் டியூட்டி. ஆரம்ப காலத்தில் இந்த உதடு ரப்பரே இல்லை, தோல்! ஜெர்மனியில் ஃப்ராய்டன்பெர்க் என்கிற தோல் பதனிடும் கம்பெனிதான் 1929ல் தோல் சீல் செய்ய ஆரம்பித்தது. நம் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அப்போதே யாராவது விஷயத்தைச் சொல்லியிருந்தால்...!

மூக்கும் காதும் போதும்

சொட்டுவது என்ன என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்து வையுங்கள். (இந்தப் பத்திரிகையை அல்ல, ப்ளீஸ்!) காலையில் விழுந்திருக்கும் துளியைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில். அந்த நாற்றம் இல்லாமல் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். அதற்கு வேறு வைத்தியம். தரை சுத்தமாக இருந்து, சக்கரத்தின் உள்பக்கம் மட்டும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால், பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து காது. ஆள் இல்லாத மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். 'டக்... டக்... டக்' என்று சத்தம் வந்தால் சக்கரத்துப் பக்க மூட்டு தேய்ந்திருக்கிறது. நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி உடம்பை உதறினால், கியர்பாக்ஸ் பக்க மூட்டைச் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சத்தத்துக்கு நம்மாட்கள் செய்கிற முதல் வைத்தியம், பாட்டின் வால்யூமை ஏற்றி வைப்பது!

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இன்ஜின் ஆயில் குறைந்தால் பார்ப்பதற்கு ஒரு டிப் ஸ்டிக் உண்டு. அழுத்தம் போனால் டாஷ்போர்டில் சிகப்பு விளக்கு எரியும். இந்தக் கியர்பாக்ஸுக்கு இரண்டும் கிடையாது. தரையில் விழுகிற சொட்டுதான் அதன் சிகப்பு விளக்கு. மணலைப் போட்டு அதை மூடிவிட்டுப் போனால், அது வேறு எந்த வகையிலும் நம்மிடம் பேசாது. அடுத்து பேசும்போது கியர்பாக்ஸ் ஊளையிடும்.

தொப்பூர் கணக்கு

"ஓடுது இல்லே? தீபாவளி போகட்டும், பார்த்துக்கலாம்" என்பவர்களுக்காக இந்தப் பகுதி.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது தொப்பூர் கணவாய். பழைய ஆட்களுக்கு 7ஆம் நம்பர் ரோடு என்றால் தெரியும். தர்மபுரிப் பக்கம் மேடு, சேலம் பக்கம் பள்ளம். 2020 டிசம்பர் 12ஆம் தேதி, கட்டுப்பாடு இழந்த ஒரு சிமென்ட் லாரி அங்கே வரிசையாக நின்ற வண்டிகள் மேல் பாய்ந்தது. 4 பேர் பலி. 2024 ஜனவரி 24ஆம் தேதி அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் மறுபடியும் 4 பேர். இந்த விபத்துகளுக்கு ஆயில் சீல்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்த இறக்கத்தில் ஒரு வண்டியை இழுத்துப் பிடிப்பது எது என்பதுதான் கேள்வி.

ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தை இழுக்கிறது. இறக்கத்தில், கீழ் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் இன்ஜினை இழுக்கிறது. இன்ஜின் "நான் வரமாட்டேன்" என்று முரண்டு பிடிக்கிறது. அந்த முரண்டுதான் வேகத்தை அடக்குகிறது. இன்ஜின் பிரேக்கிங் என்பது இதைத்தான். 'நியூட்ரலில் இறக்காதே' என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். இன்ஜினின் முரண்டு சக்கரத்துக்குப் போய்ச் சேர இருக்கும் ஒரே வழி, அந்தத் தண்டும் அதன் மூட்டுகளும். வண்டியை இழுப்பது மட்டுமல்ல, பிடிப்பதும் அதுவே.

"ஒரு பக்கம் உடைஞ்சா என்ன, இன்னொரு பக்கம் இருக்கே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய ஜாயிண்ட் அக்கவுண்ட் மாதிரி. ஒருத்தர் கைவிட்டால் இன்னொருத்தர் கையெழுத்து செல்லாது. ஒரு பக்கத் தண்டு கழன்றால், இன்ஜின் சக்தி முழுவதும் அந்தப் பக்கமே வெட்டியாகச் சுற்றும். கியரில் இருந்தாலும் வண்டி நியூட்ரலில் இருக்கிற மாதிரிதான். மிச்சம் இருப்பது கால் பிரேக் மட்டும். நீண்ட இறக்கத்தில் அதையே அழுத்திக்கொண்டு போனால் சூடேறி, பிடிப்பு குறைந்துகொண்டே வரும். கியரில் போட்டு நிறுத்திய வண்டி மேட்டில் உருளாமல் நிற்பதும் இதே தண்டின் தயவில்தான்.

ஆயில் வற்றினால் வேறு ஆபத்து. உள்ளே பல்லும் பேரிங்கும் காய்ந்து, ஓட்டத்திலேயே கியர்பாக்ஸ் இறுகினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தொப்பூர்தான் என்றில்லை, ஒகேனக்கல் இறக்கம், மஞ்சவாடி கணவாய், வத்தல்மலை ரோடு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அம்பாஸடர், பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குத் தண்டு வண்டிக்கு நடுவில் நீளமாகப் போகிறது. மூட்டுக்குப் பேர் 'கிராஸ்'. கிளட்சை விடும்போது 'கடக்' என்று கேட்டால் அதைப் பார்க்க வேண்டும். கிராஸ் உடைந்தால் தண்டு அடியில் தொங்கி அடிக்கும். பின் ஆக்ஸில் முனையில் இருக்கும் சீல் போனால் இன்னும் மோசம். ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிரேக் எப்படிப் பிடிக்கும்?

பட்டறையில் கண்ணைத் திறந்து வையுங்கள்

காலையில் விட்டால் சாயங்காலம் கிடைத்துவிடும் வேலைதான் இது. டீ குடிக்கப் போகாமல் பக்கத்தில் நின்று சில விஷயங்களை மட்டும் பாருங்கள்.

ஹப் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். வண்டியைத் தூக்கியபின் ஸ்டாண்ட் கொடுக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. கியர் ஆயிலை வடித்த பிறகுதான் தண்டை உருவ வேண்டும். இல்லாவிட்டால் பட்டறைக்குள் கந்தக அபிஷேகம்!

"ஒரு பக்கம்தான் சார் ஒழுகுது" என்பார் மெக்கானிக். "ரெண்டு பக்கமும் மாத்திடுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். எப்படியும் ஆயிலை வடித்தாகிவிட்டது. இரண்டு சீலும் ஒரே வயசு.

புது சீல் போடும் முன் தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய உதடு அங்கே பள்ளம் போட்டிருந்தால், புது சீலும் ஒழுகத்தான் செய்யும். கியர்பாக்ஸ் மூச்சு விடும் துவாரம் ஒன்று உண்டு. அது மண் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். சீலை மாற்றி மாற்றி அலுத்துப்போன பலர் இந்தத் துவாரத்தைப் பார்ப்பதே இல்லை.

சீலின் ஸ்பிரிங் பக்கம் உள்ளே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். சரியான அளவு குழாயையோ சாக்கெட்டையோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். ஒரு ஓரத்தில் சுத்தியலால் அடித்தால் சீல் கோணிக்கொள்ளும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, தண்டின் பல் உதட்டைக் கிழிக்காமல் நிதானமாக நுழைக்க வேண்டும். முனையில் இருக்கும் லாக் வளையம் புதிதாக இருக்கட்டும். 'க்ளிக்' என்று உட்கார்ந்ததும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

பூட் மாற்றும்போது மூட்டைக் கழுவி, குண்டுகளைப் பார்க்க வேண்டும். குண்டிலோ அது ஓடும் பள்ளத்திலோ அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால், புது பூட் போட்டுப் பிரயோஜனம் இல்லை. மூட்டே புதிதாக வேண்டும். கிரீஸும் அந்த மூட்டுக்கென்றே விற்கிற கறுப்பு கிரீஸ்தான். கடப்பாரை முனையில் டப்பாவிலிருந்து அள்ளி அப்புவது அல்ல. பூட்டைக் கட்டுக்கம்பியால் கட்டினால், கம்பியே ரப்பரை அறுத்துவிடும். அதற்கான கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய ஆக்ஸில் சல்லிசாகக் கிடைக்கும்தான். ஆனால் நம்முடையதை யார் வண்டியிலிருந்து, எதனால் கழற்றினார்கள் என்று அது சொல்லாது!

கடைசியாக, சமதரையில் வைத்து ஆயில் ஊற்ற வேண்டும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன ரகம், அளவுத் துவாரத்தில் வழியும் வரை. ஏறக்குறைய இரண்டு லிட்டர் பிடிக்கும். அதற்கப்புறம் இரண்டு நாள், மறுபடியும் அந்தப் பழைய பேப்பர்.

டெபிட்டும் கிரெடிட்டும்

பி.காம். படித்தவன் கணக்கில் முடிக்காவிட்டால் பாவம். ப்ளஸ் டூ கணக்குப்பதிவியலில் வருவாயினச் செலவு, முதலினச் செலவு என்று இரண்டு படித்திருப்பீர்கள். இருப்பதைக் காப்பாற்றச் செய்வது முதல் ரகம். ஆயில் சீல் அந்த ரகம்; இரண்டு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசுக்குள் சீல் வந்துவிடும், மேலே ஆயிலும் கூலியும். தள்ளிப்போட்டால் அதே செலவு கியர்பாக்ஸாகவும் ஆக்ஸிலாகவும் வளர்ந்து, இரண்டாவது ரகத்துக்குப் பிரமோஷன் வாங்கிவிடும்.

மூன்றாவதாக ஒரு ரகமும் இருக்கிறது. அது தொப்பூர் இறக்கத்தில் வரும். அதற்கு நம் பாக்கெட் போதாது. எல்.ஐ.ஸி.தான் தர வேண்டும். ஒரே கஷ்டம், அந்தச் செக்கை நாம் போய் வாங்க முடியாது!