நெடுங்கையும் கொடுங்கையும்: எஃகு உத்திரத்தின் வளைவுக் கணக்கீடும் ஆவுடையார்கோயில் கல்லிறவாரமும்

முன்னுரை

ஒரு முனை சுவரில் உறுதியாகப் பிணைக்கப்பட்டு, மறுமுனை தாங்கலின்றி வெளியே நீளும் உத்திரம் நெடுங்கை உத்திரம் எனப்படும். கோயிற் கட்டடக் கலையில் இதற்கு உறவான உறுப்பு, கூரை விளிம்பில் வளைந்து வெளியே நீளும் கல்லிறவாரமாகிய கொடுங்கை. ‘கொடு’ என்னும் அடி வளைவைக் குறிக்கும். புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயிலில் உள்ள ஆத்மநாதசுவாமி கோயிலின் கொடுங்கைகள், மரச்சட்டங்களையும் அவற்றில் அறைந்த ஆணிகளையும் கல்லிலேயே செதுக்கிக் காட்டும் நுட்பத்தால் புகழ்பெற்றவை. எஃகு நெடுங்கையின் வளைவைக் கணக்கிடும் முறையை விளக்கி, கொடுங்கையைப் பேணுவோர்க்கு அக்கணக்கு உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எஃகு உத்திரத்தின் கணக்கு

ஐ.எஸ்.எம்.பி. 150 வகை எஃகு உத்திரம் சுவரிலிருந்து 1.5 மீட்டர் நீள்வதாகவும், அதன் நுனியில் 4 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 400 கிலோகிராம் எடை) தொங்குவதாகவும் கொள்வோம். உத்திரத்தின் தன்னெடை சிறிதாதலின் இங்கு விடப்படுகிறது. பளுவை நீளத்தால் பெருக்க, சுவரருகே வளைவுத் திருப்புத்திறன் 6 கிலோநியூட்டன் மீட்டர் ஆகும். இதனை வெட்டுமுகக் குணகமாகிய 96.9 கன சென்டிமீட்டரால் வகுக்க, தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 62 நியூட்டன். உத்திரத்தின் மேல்விளிம்பு இழுவிசைக்கும் கீழ்விளிம்பு அமுக்கவிசைக்கும் உட்படும்.

நுனியின் இறக்கத்தைக் காண, பளுவை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, யங் குணகம், பரப்பு நிலைமத் திருப்புத்திறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனைப் போல் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன்; இவ்வுத்திரத்தின் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 726 செ.மீ.⁴. எனவே இறக்கம் 3.1 மில்லிமீட்டர்.

நீளத்தை மட்டும் 3 மீட்டராக்கினால் தகைவு இருமடங்காகி 124 ஆகும். இது மென்எஃகின் இளகு தகைவாகிய 250இல் பாதியைக்கூட எட்டவில்லை. ஆயின் இறக்கம் எட்டு மடங்காகி ஏறத்தாழ 25 மில்லிமீட்டரை அடைகிறது. ஐ.எஸ். 800:2007 விதி, விரிசலுறாப் பூச்சுடைய நெடுங்கைகளுக்கு நீளத்தில் 150இல் ஒரு பங்கை, அதாவது இங்கு 20 மில்லிமீட்டரை, எல்லையாக வைக்கிறது. ஆகவே வலிமையில் தேறிய உத்திரம் விறைப்பில் தோற்கிறது.

கல்லின் நிலை

கல்லில் நிலைமை மாறுகிறது. கல் அமுக்கத்தைத் தாங்குவதில் வலியது, இழுவிசையில் மெலியது. எஃகைப் போல் கண்ணுக்குத் தெரியுமாறு வளைந்து எச்சரிக்காமல், அடிப்பகுதியின் மேற்புறத்தில் பிளந்துவிடும். தன்னெடையே இதன் நிலையான பளு.

1 மீட்டர் நீண்டு, 1 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் சீரான தடிப்பும் உடைய கருங்கற்பலகை ஏறத்தாழ 3.9 கிலோநியூட்டன் எடையுடையது. இதன் திருப்புத்திறன் 1.95 கிலோநியூட்டன் மீட்டர். அதே பலகை நுனியை நோக்கிக் கூர்ந்து மெலியுமாயின், எடை பாதியாகும். எடைமையமும் சுவரை நெருங்கும். திருப்புத்திறன் மூன்றில் ஒரு பங்காகிய 0.65 ஆகக் குறையும். இவை விளக்கத்திற்கான அளவுகளேயன்றிக் கோயிலில் அளந்தவை அல்ல. எனினும், விளிம்பை மெலிவித்தல் அழகோடு பளுக்குறைப்பையும் தரும் என்பது இதனால் விளங்கும்.

பேணுவோர் கருத வேண்டுவன

மெலிந்த அப்பலகையின் நுனியில், சுமையோடு ஒருவர் நின்று 100 கிலோகிராம் எடை ஏறினால், ஏறத்தாழ 1 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் கூடும். இது பலகையின் தன்னெடை விளைவிப்பதைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு. எனவே திருப்பணியின்போது விளிம்பின்மேல் சுண்ணச் சாந்தையோ செங்கல்லையோ குவித்தல் தகாது.

மேலும், கற்பலகை எஃகைப் போல் பற்றவைத்துப் பிணைக்கப்படுவதன்று. அதன் உட்பகுதியின்மேல் அமர்ந்த கட்டுமானத்தின் எடையே அது கவிழாமல் தடுக்கிறது. கூரையைப் பிரிக்கும்போது அவ்வெடையை முதலில் அகற்றினால் முன்பகுதி கவிழக்கூடும். கொடுங்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்த பின்னரே மேற்கட்டுமானத்தைத் தொடுதல் வேண்டும்.

முடிவுரை

எஃகு நெடுங்கையில் முதலில் நோக்கத்தக்கது நுனியின் இறக்கம். கல் கொடுங்கையில் அடிப்பகுதியின் இழுவிசையும் உட்பகுதியின்மேல் உள்ள எடையும். இரண்டிற்கும் திருப்புத்திறன் கணக்கே அடிப்படை. கொடுங்கையின் கண்கவர் பகுதி வெளியே நீண்டிருப்பினும், அதன் பாதுகாப்பு சுவருக்குள் மறைந்திருக்கிறது. திருப்பணித் திட்டம் வகுப்போர் அம்மறைந்த பகுதியிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்குதல் நன்று.