புல்தரைக்கு எந்த வேலை முதலில்?

புல்தரையில் செய்யும் வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குப்பை பொறுக்க வேண்டும், களை எடுக்க வேண்டும், புல்லை வெட்ட வேண்டும், ஓரம் சீர்செய்ய வேண்டும், கூட்டி அள்ள வேண்டும், உரம் தூவ வேண்டும், தண்ணீர் விட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய வித்தை இல்லை. வரிசை பிசகினால்தான் சிக்கல். உரம் தூவிவிட்டுக் கூட்டினால் பாதி உரம் குப்பைக்குழிக்குப் போகும். தண்ணீர் விட்ட கையோடு இயந்திரத்தை ஓட்டினால் ஈரப்புல் கத்தியில் அப்பிக்கொண்டு கட்டிகட்டியாக விழும். வெட்டி முடித்த பிறகு வேலிச்செடியைக் கத்தரித்தால் அதே தரையை இன்னொரு முறை கூட்ட வேண்டிவரும். பின்னால் வரும் வேலை முன்னால் முடித்ததைக் குலைக்கக் கூடாது. முழு வரிசையும் இந்த ஒரு கணக்கில் நிற்கிறது.

திருவண்ணாமலையில் இந்தக் கணக்கோடு வெயிலும் தண்ணீரும் சேர்ந்துகொள்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதி இது. அதில் பெரும்பகுதி தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மாசி தொடங்கி வைகாசி வரை வறட்சி. அக்னி நட்சத்திரத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மலையடிவாரத்து மனைகளில் சரளைக்கல்லுக்குப் பஞ்சமில்லை. விடுதிகள், ஆசிரமங்கள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றின் முகப்பில் வளர்க்கத் தோதான புல் இரண்டு: அருகும் கொரியன் புல்லும். நர்சரிகளில் ‘பெர்முடா’ என்ற பெயரில் விற்பதும் அருகின் இனம்தான். வெயில் காலத்தில் புல்தரைக்கு வாரம் ஓர் அங்குலத் தண்ணீராவது தேவை என்பது பொதுவான கணக்கு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அந்தப் பரப்பில் ஓர் அங்குலத் தண்ணீர் நிற்க ஆயிரம் லிட்டருக்குச் சற்று அதிகம் வேண்டும். அதாவது மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி, வாரத்துக்கு ஒன்று, சென்ட்டுக்கு ஒன்று. மூன்று சென்ட்டில் புல் போடுகிறவர் மூன்று தொட்டித் தண்ணீரைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

வேலை உண்மையில் முதல் நாளே தொடங்குகிறது. வெட்டப்போகும் நாளுக்கு முந்தைய காலையில் நன்றாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும், இலை காய்ந்திருக்கும். களை வேரோடு வருவதற்கு நெகிழ்ந்த மண் வேண்டும். புல் சுத்தமாக வெட்டுப்படக் காய்ந்த இலை வேண்டும். இரண்டும் ஒரே காலையில் வாய்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. மார்கழி, தை மாதங்களில் பனி இலையில் நிற்கும். நீளமான கயிற்றை இருவர் இரு முனையில் பிடித்துத் தரைமேல் இழுத்துச் சென்றால் பனித்துளி உதிர்ந்து அரைமணியில் காய்ந்துவிடும்.

மறுநாள் முதல் வேலை தரையை நடந்து பார்ப்பது. கல், கம்பித்துண்டு, பாட்டில் மூடி, உதிர்ந்த மட்டை எல்லாம் பொறுக்க வேண்டும். சுழலும் கத்தியில் பட்ட சரளைக்கல் ஜன்னல் கண்ணாடி வரை பறக்கும், ஆளின் முழங்கால் வரையும் பறக்கும். இந்தச் சுற்றை வேலையாகவே மதிக்காமல் பலர் நேரே இயந்திரத்தை எடுத்துவிடுகிறார்கள். விபத்துகள் நடக்கும் இடம் இதுதான்.

அடுத்து உயரத்தில் இருப்பவை. மரக்கிளை, வேலிச்செடி, சுவரில் படர்ந்த கொடி ஆகியவற்றை இப்போதே கத்தரித்துவிட வேண்டும். குப்பை எப்போதும் கீழேதான் விழும். இந்த ஊர்க் கோயிலில் நடக்கும் உழவாரப் பணிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும் அண்ணாமலையைப் பாடியவருமான திருநாவுக்கரசர் கையில் ஏந்திய கருவி உழவாரம். பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குவதற்கான தட்டை இரும்பு. அங்கே புல்லே களை. கல் இடுக்கில் வேர்விட்டால் கட்டடம் பிளக்கும் என்பதால் அதைச் செதுக்கி எறிகிறார்கள். அங்கேயும் மதில்மேலும் விமானத்திலும் பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிய பிறகு தரையைச் செதுக்கி, பின் கூட்டி, கடைசியில் கழுவினால்தான் ஒரு வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிராது. 217 அடி ராஜகோபுரம் நிற்கும் கோயிலானாலும் இரண்டு சென்ட் புல்தரையானாலும் மேலிருந்து கீழே என்பதில் மாற்றமில்லை.

களை எடுப்பது கட்டாயம் வெட்டுவதற்கு முன்னால். இதற்கு இரண்டு செடிகளைப் பார்த்தால் போதும். கோரை அருகைவிட வேகமாக வளரும். கடைசியாக வெட்டிய நான்காம் ஐந்தாம் நாளில் பார்த்தால், கரும்பச்சைப் புல்லுக்கு மேலே வெளிறிய பச்சையில் விறைப்பாக நிற்கும் தாள்களெல்லாம் கோரை. தண்டை விரலில் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும். இயந்திரத்தை முதலில் ஓட்டிவிட்டால் கோரையும் புல்லும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இழுத்துப் பிடுங்குவதாலும் பயனில்லை. கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். களைக்கொத்தைப் பக்கவாட்டில் இறக்கி, கிழங்கோடு நெம்பி எடுக்க வேண்டும்.

இன்னொன்று நெருஞ்சி. தரையோடு படர்ந்து, சின்ன மஞ்சள் பூ பூக்கும். காய் முற்றினால் முள்ளாகிவிடும். முற்றிய காய்மேல் இயந்திரம் ஓடினால் ஓரிடத்தில் இருந்த முள் தரை முழுவதும் இறைபடும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றிவிட்டு வந்து புல்லில் உட்காருகிறவர்கள் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மஞ்சள் பூவைக் கண்டதுமே ஆணிவேரோடு எடுத்துவிடுவதுதான் உத்தமம்.

பிறகு வெட்டு. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. அருகை இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கலாம். கோடையில் நான்கில் வைத்தால் மண் நிழல்பட்டு ஈரம் தங்கும். நான்கில் வைக்க விரும்புகிறவர் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டவிடக் கூடாது. ஐப்பசி மழையில் முழங்கால் பாதி வரை வளர்ந்துவிட்டால், மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டுப் படிப்படியாக இறக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒட்ட வெட்டினால் அடித்தண்டின் மஞ்சள் நிறம்தான் மிஞ்சும். கத்தி மழுங்கியிருந்தால் இலை அறுபடாமல் கிழியும். இரண்டு நாளில் நுனியெல்லாம் பழுப்பாகி, நோய் வந்ததுபோலத் தெரியும். இந்தப் பழுப்பைக் கண்டு மருந்து வாங்க ஓடுவதைவிடக் கத்தியைத் தீட்டுவது மலிவு. ஒவ்வொரு முறையும் ஓட்டும் திசையையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சக்கரத்தடம் பள்ளமாகும்.

ஓரம் வெட்டுவது முன்னாலா பின்னாலா என்பதில் தோட்டக்காரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரஷ் கட்டர் வைத்திருப்பவர் ஓரத்தை முதலில் அடிப்பது நல்லது. சிதறும் துணுக்குகளை, பின்னால் வரும் இயந்திரத்தின் பையே வாரிக்கொள்ளும். கையில் பெரிய கத்தரிக்கோல் மட்டும் இருந்தால் இயந்திரம் ஓடிய பிறகுதான் செய்ய வேண்டும். வெட்டிய மட்டம் கண்ணுக்கு அளவுகோலாக நிற்பதால் ஓரம் பள்ளமாகாது. வீட்டுத் தரைக்கு இரண்டாவதே பொருத்தம். நடைபாதைக்குள் ஓடிவந்த கொடிகளை மண்வெட்டியால் நேர்கோட்டில் நறுக்குவது மாதம் ஒருமுறை வரும் வேலை. அதில் மண் சிதறும், மண் கத்தியின் எதிரி. ஆகவே அது எப்போதும் வெட்டுக்குப் பின், கூட்டுவதற்கு முன்.

மூங்கில் வாரியாலோ தென்னந்துடைப்பத்தாலோ கூட்டும்போது எல்லாவற்றையும் அள்ள வேண்டியதில்லை. விரல்கணு நீளத்துக்கும் குறைவான துணுக்குகள் தரையிலேயே மக்கி, தழைச்சத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுக்கும். நீளமாக விழுந்தவற்றை மாட்டுக்குப் போடலாம், அண்மையில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளிக்காத தரையாக இருந்தால் மட்டும். பிள்ளையாருக்கு அருகு பறிக்கவும், சாறு பிழியவும் வருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கூட்டிய பிறகே உரம். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு ஐந்து கிராம் தழைச்சத்து போதும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் ஒரு சென்ட்டுக்கு 400 முதல் 450 கிராம் வரை வரும். இந்தக் கொஞ்சத்தை அப்படியே வீசினால் விழுந்த இடம் கருகும், விழாத இடம் வெளிறும். நான்கு பங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவினால் பரவலாக விழும். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டும் யூரியா அங்கேயே கரைந்து இலையைச் சுடும். ஆக, தண்ணீர் வரிசையின் கடைசி. இயந்திரத்தின் அடிப்பகுதியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவதும் அன்றைக்கே முடிய வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

பௌர்ணமி இந்த ஊரின் நாட்காட்டியில் தனிக் கணக்கு. விடுதிகளின் புல்தரையில் அன்று கூட்டம் மிதிக்கும். ஈரமண் மிதிபட்டால் இறுகிவிடும். எனவே வெட்டு, உரம், தண்ணீர் எல்லாவற்றையும் மூன்று நாள் முன்னதாக முடித்துவிட்டு, கடைசி இரண்டு நாள் குழாயை மூடிவைப்பது நல்லது. கார்த்திகை தீபத்துக்கு இந்த உபாயம் எடுபடாது. வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வருவதால் மண் எப்படியும் நனைந்திருக்கும், கூட்டமும் பத்து நாள் இருக்கும். அந்த இறுக்கத்தைப் போக்கும் வேலை அடுத்த ஆடிக்குத்தான் முழுதாக நடக்கும். குளிர்ந்த இரவுகளில் அருகின் வளர்ச்சி மந்தமாகிவிடுவதால் தையில் தரையைக் கிளறினால் ஆறுவதற்கு நாளாகும்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் அந்தப் புதுப்பிப்புக்கும் கறாரான வரிசை உண்டு. ஆடியில் மழை தலைகாட்டியதும் புல்லை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு விதி மீறப்படும் ஒரே சந்தர்ப்பம் இது. வெட்டியதும், அடியில் பஞ்சு மெத்தைபோல் திரண்டிருக்கும் காய்ந்த தாளை வாரியால் கீறி எடுக்க வேண்டும். கிளறப்பட்ட தரையில் மறைந்திருந்த களைகள் வெளியே வரும். அவற்றையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் முள்வாரியைக் குத்தி விரல் ஆழத்துக்குத் துளைகள் போட வேண்டும். துளை போட்ட பிறகே மண் கலவை. மணல், செம்மண், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சலித்துக் கலந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். ஒரு சென்ட்டுக்குச் சிமென்ட் சாக்கில் ஆறு மூட்டை பிடிக்கும். துளை, கலவை இரண்டின் வரிசை மாறினால் கலவை மேலேயே கிடக்கும். இறுகிய வேர்ப்பகுதிக்கு ஒன்றும் போய்ச் சேராது. மக்காத சாணத்தைப் போட்டால் களை விதையும் வண்டுப்புழுவும் கூடவே வரும். பள்ளங்களையும் சொட்டையான இடங்களையும் கலவையால் நிரப்பி அருகுக் கொடிகளை ஊன்றிவிட்டு, அதன் பிறகுதான் தரை முழுவதும் பரப்ப வேண்டும். பரப்பிய பிறகும் இலைநுனி வெளியே தெரிய வேண்டும். முழுக்க மூடினால் புல் அழுகும்.

முதல் வாரம் காலையும் மாலையும் பூவாளியால் தெளிக்க வேண்டும். குழாயை நேரே பிடித்தால் கலவை ஓடிவிடும். உரம் அப்போதைக்கு வேண்டாம். மூன்று வாரம் கழித்துப் புதுத்தளிர் தெரிந்ததும் தூவினால் போதும். இப்படிச் செய்த தரை புரட்டாசி முடிவதற்குள் வேர்பிடித்துவிடும், ஐப்பசி மழை அதை அரிக்காது. புல் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்ததும் முதல் வெட்டை எடுக்கலாம். தரையில் இன்னும் மணல் இருக்குமாதலால் அன்று கத்தி கட்டாயம் மழுங்கும். அடுத்த வெட்டுக்கு முன் தீட்டிவைக்க வேண்டும்.